நூறாம் எண் பொட்டலம்

ஜப்பானில் குழந்தைகளுக்குக் குடல் அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைகளில் ஒரு சிறு பொட்டலம் புழங்குகிறது. உள்ளே இரண்டரை கிராம் குருணை. சாம்பல் கலந்த வெள்ளை நிறம். நாக்கில் வைத்தால் முதலில் இனிக்கும். இனிப்பு கரைவதற்குள் உறைக்கும். உறைப்பு அடங்கும்போது நாக்கு நுனி மரத்துப்போய் லேசாகத் துடிக்கும். மருந்தின் பெயர் டாய்கென்ச்சூத்தோ. பொட்டலத்தின் மேல் 100 என்று எண் இருக்கும். மருத்துவர்கள் பல நேரம் அந்த எண்ணைச் சொல்லியே மருந்தைக் குறிப்பிடுவார்கள். வயிறு உப்பி, மலம் இறங்காமல் துன்பப்படும் குழந்தைக்கு இதை வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். குடிக்க முடியாத குழந்தைக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குள் விட்ட குழாயில் செலுத்துவதும் உண்டு.

மருந்துச் சரக்கு என்று பார்த்தால் நான்குதான். பெரியவர் ஒருவருக்கான ஒரு நாள் அளவு 15 கிராம். அதில் 10 கிராம் மால்ட் சர்க்கரை, அதாவது அரிசி, மரவள்ளி போன்றவற்றின் மாவை நொதிகளால் சர்க்கரையாக்கி எடுக்கும் இனிப்பு. மூலிகைச் சாறு வெறும் 1.25 கிராம். 5 கிராம் இஞ்சி, 3 கிராம் ஜின்செங் வேர், 2 கிராம் சன்ஷோ என்ற ஜப்பானிய மிளகின் தோல் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, வற்றவைத்து எடுத்தது அந்தச் சாறு. இஞ்சியை வேகவைத்து உலர்த்தித்தான் சேர்ப்பார்கள். நம் சுக்குக்கு நெருங்கிய உறவு. சமையலறைச் சாமான்கள் போலத் தோன்றும் இவை குழந்தை அறுவை மருத்துவரின் கைக்கு வந்து சேர ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் ஆயின.

தொடக்கம் சீனத்தில், ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம். இன்றைய ஹெனான் மாநிலத்து நான்யாங் பக்கத்தைச் சேர்ந்தவர் ஜாங் ஜோங்ஜிங். ஏறத்தாழ கி.பி. 150 முதல் 219 வரை வாழ்ந்தவர் என்பார்கள். தன் குலத்தார் இருநூறு பேருக்கு மேல் இருந்ததையும், பத்தாண்டு முடிவதற்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டதையும், பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோனதையும் அவருடைய நூலின் முன்னுரை சொல்கிறது. அத்தனை சாவைக் கண்ட மனிதர் என்பதாலோ என்னவோ, அவர் எழுத்தில் தத்துவம் குறைவு. நோயாளி எப்படிக் கிடக்கிறார், எங்கே தொட்டால் துடிக்கிறார், எதைக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்பதுதான் மிகுதி.

அவர் பெயரில் வழங்கும் 'ஜின்குயி யாவ்லுவே' என்ற நூலில் வயிற்று வலி பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. அவர் வருணிக்கும் நோயாளிக்குக் கடுமையான குளிர்வலி, வாந்தி, எதுவும் உள்ளே இறங்குவதில்லை. வயிற்றைப் பார்த்தால் தோலுக்கு அடியில் ஏதோ ஓர் உயிர் தலையும் காலுமாக ஏறி இறங்குவது போன்ற புடைப்பு தெரிகிறது. கை வைக்க விடுவதில்லை. இந்த வருணனையை இன்றைய அறுவை மருத்துவர் யாரிடம் சொன்னாலும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அடைபட்ட குடல், அடைப்பைத் தள்ள முயன்று முறுக்கிக்கொண்டு அலையலையாக எழும்பும்போது வயிற்றுத் தோல் வழியாக அது கண்ணுக்கே தெரியும். தோல் மெலிந்த குழந்தைகளிடம் இன்னும் தெளிவாகத் தெரியும். எக்ஸ்ரே இல்லாத, வயிற்றைக் கிழித்துப் பார்க்காத காலத்தில் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதியது இது. இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பதும் அதுதான்: மருந்துக்கு முன்னால் வந்தது கவனிப்பு.

அவர் சொன்ன வைத்தியமும் எளியது. மிளகு, சுக்கு, ஜின்செங் மூன்றையும் தண்ணீரில் பாதியாக வற்றும்வரை காய்ச்சி, சக்கையை எடுத்துவிட்டு, மால்ட் பாகைக் கலந்து மறுபடி சுண்டவைக்க வேண்டும். சூடாகக் குடித்த சிறிது நேரத்தில் கஞ்சி குடிக்க வேண்டும். அன்று முழுவதும் கஞ்சிதான் உணவு. நன்றாகப் போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மருந்தோடு கஞ்சியையும் போர்வையையும் சேர்த்தே எழுதிவைத்த வைத்தியர் அவர்.

இதற்கு ஓர் இளைய உடன்பிறப்பும் உண்டு: ஷோகென்ச்சூத்தோ. இன்றைய ஜப்பானியப் பொட்டலத்தில் அதன் எண் 99. அதிலும் மால்ட் சர்க்கரைதான் முதன்மை. ஆனால் மிளகுக்கும் ஜின்செங்குக்கும் பதில் பியோனி வேர், இலவங்கப்பட்டை, இலந்தை வகைப் பழம், அதிமதுரம், சிறிது இஞ்சி. அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொள்ளும், சோர்ந்து வெளிறிய, இரவில் அழுது எழும் குழந்தைகளுக்கு ஜப்பானிய மருத்துவர்கள் கொடுப்பது அது. அடம்பிடிக்காமல் குழந்தை குடிக்கும் அளவுக்கு இனிப்பானது.

ஜாங் ஜோங்ஜிங்கின் நூல் இடையில் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் போயிற்று. 11-ஆம் நூற்றாண்டில், சொங் ஆட்சியில், அரண்மனை நூலகத்தில் ஒரு சுருக்கப் படியைக் கண்டெடுத்து, அதைத் திருத்திப் பதிப்பித்த பிறகே மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. அது நடந்திராவிட்டால் நூறாம் எண்ணும் இல்லை.

ஜப்பானுக்கு வந்தபோது செய்முறை அப்படியே இருந்தது, சரக்கு மாறியது. சீனத்து மிளகின் இடத்தை ஜப்பான் மலைகளில் விளையும் சன்ஷோ பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே பேரினம், இனம் வேறு. இன்று சன்ஷோ விளைச்சலில் முதலிடம் வக்கயாமா மாநிலத்துக்கு. சுட்ட விலாங்கு மீன் மேல் தூவும் பச்சை வாசனைப் பொடி இதே சன்ஷோதான். ஜின்செங் கொரியாவிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்தது. எட்டாவது தோக்குகாவா ஷோகன் யோஷிமுனே, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், த்சுஷிமா தீவு வழியாகக் கன்றும் விதையும் தருவித்து நிக்கோ மலைப்பகுதியில் பயிரிட வைத்தார். விதை பல நாட்டுப்புறங்களுக்கும் பரவ, ஜின்செங் ஜப்பானிலேயே விளையலாயிற்று.

அதே நூற்றாண்டில்தான் ஜப்பானிய வைத்தியத்துக்குச் சொந்தமான ஒரு பழக்கம் வேரூன்றியது: வயிற்றைத் தொட்டுப் பார்த்தே நோயை அறிவது. யோஷிமாசு தோதோ என்ற வைத்தியர் (1702 - 1773) பிற்காலச் சீன நூல்களின் கோட்பாட்டுக் குவியலைத் தள்ளிவைத்துவிட்டு, ஜாங் ஜோங்ஜிங்கிடமே திரும்பிப் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர். கண்ணால் காண்பதும் கையால் தொட்டு உணர்வதும்தான் வைத்தியம் என்பது அவர் கட்சி. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிறு எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்து குளிர்ந்திருக்கிறது, எங்கே குடல் நெளிகிறது என்று தடவிப் பார்த்து மருந்தைத் தேர்ந்தார்கள். தளர்ந்து, குளிர்ந்து, உள்ளே நெளிவு தெரியும் வயிறு என்றால் டாய்கென்ச்சூத்தோ. அந்த நெளிவு குடற்பூச்சியின் வேலை என்று கருதியவர்களும் உண்டு. அந்தக் காலத்துக் குழந்தைகளின் குடலில் பூச்சி சாதாரணம். பூச்சிகள் பந்தாகச் சுருண்டு குடலை அடைப்பதும் நடப்பதுதான். அதனால் அவர்கள் கருத்தை முழுத் தவறென்று தள்ள முடியாது.

பிறகு மெய்ஜி ஆட்சி வந்தது. நாட்டை மேலைநாடுகளுக்கு இணையாக நிறுத்தும் அவசரத்தில், 1874-ல் புதிய மருத்துவச் சட்டம் வகுத்தார்கள். மேலை மருத்துவத்தில் தேர்வு எழுதித் தேறியவருக்குத்தான் இனி உரிமம். பழைய வைத்தியர்கள் எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள், மனுக் கொடுத்தார்கள். 1895-ல் அவர்களுக்கு உரிமம் வழங்கக் கோரிய மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. அரண்மனையில் இளவரசருக்கே வைத்தியம் பார்த்த அசாதா சோஹாக்கு போன்ற பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். கம்போ என்று பெயர் பெற்ற அந்த மரபு, மூலிகைக் கடைகளிலும் சில முதியவர்களின் நினைவிலும் ஒதுங்கிக்கொண்டது.

அது திரும்பி வந்த கதையில் ஒரு குழந்தையின் சாவு இருக்கிறது. யுமோத்தோ க்யூஷின், 1876-ல் பிறந்தவர். கனசாவாவில் மேலை மருத்துவம் படித்து முறையாக உரிமம் பெற்றவர். 1906-ல் அவருடைய மூத்த மகள், சின்னக் குழந்தை, சீதபேதியில் இறந்தாள். கற்ற மருத்துவம் அனைத்தும் கையில் இருந்தும் சொந்த மகளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த அடியிலிருந்து அவர் எளிதில் எழவில்லை. 1910-ல் வாடா கெய்ஜூரோ என்ற மருத்துவர், ஒதுக்கப்பட்ட பழைய வைத்தியத்துக்காக வாதாடி 'இகாய் நோ தெத்சுய்' என்ற நூலை வெளியிட்டார். அது யுமோத்தோவின் கைக்கு வந்தது. படித்தவர் திசை மாறினார். எஞ்சிய வாழ்நாளைப் பழைய நூல்களை மறுபடி கற்பதிலும், அவற்றை நவீன மருத்துவ அறிவோடு பொருத்திப் பார்ப்பதிலும் கழித்தார். 1927 முதல் 'கோக்கான் இகாக்கு' என்ற அவருடைய பெருநூல் வெளிவந்தது.

கம்போ கொடுத்திருந்தால் அந்தச் சிறுமி பிழைத்திருப்பாள் என்று நான் நம்பவில்லை. சீதபேதி முற்றிய குழந்தைக்கு வேண்டியது ரத்தக்குழாய் வழியாக உப்புநீர், பின்னாளில் வந்த ஆன்டிபயாடிக். ஆனால் தன் கல்வியின் போதாமையை நேருக்கு நேர் கண்ட ஒரு தகப்பன், அதை மூடி மறைக்காமல் தேடலாக மாற்றிக்கொண்டார். அவர் நூலைப் படித்துவிட்டு 1930-ல் தோக்கியோவுக்கு வந்து அவரிடம் மாணவராகச் சேர்ந்த ஓத்சுக்கா கெய்செத்சுதான், பின்னர் 20-ஆம் நூற்றாண்டுக் கம்போவின் தலைமை ஆசானாக விளங்கினார். வயிற்று வலிக்கும் குடல் அடைப்புக்கும் டாய்கென்ச்சூத்தோவைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தக் கைகளின் வழியாகத்தான் புதிய தலைமுறைக்கு வந்தது.

இருந்தாலும் கஷாயமாக இருக்கும்வரை அது மருத்துவமனைக்குள் நுழைந்திருக்க முடியாது. அளந்து, காய்ச்சி, வடிகட்டி, தினமும் ஒரே தரத்தில் கொடுக்க எந்த வார்டில் ஆள் இருக்கிறது? போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சாற்றை உலர்த்திக் குருணையாக்கும் நுட்பம் கைகூடியது. 1967-ல் நான்கு கம்போ மருந்துகளை அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தார்கள். 1976-ல் கதவு அகலத் திறந்தது. பல பத்து மருந்துகள் ஒரே வீச்சில் பட்டியலில் ஏறின. ஜப்பான் மருத்துவச் சங்கத்தின் தலைவராக நீண்ட காலம் இருந்த தாக்கெமி தாரோவின் செல்வாக்கு இதற்குப் பின்னால் இருந்தது என்பார்கள். இன்று காப்பீட்டில் உள்ள கம்போ மருந்துகள் 148. அவற்றை எழுதிக்கொடுப்பவர்கள் தனி வைத்தியர்கள் அல்லர். அறுவையும் ஸ்கேனும் பார்க்கும் அதே மருத்துவர்கள். 2001 முதல் மருத்துவ மாணவர்களின் அடிப்படைப் பாடத்திட்டத்திலும் கம்போ இடம்பெற்றிருக்கிறது. ஒரே மருத்துவர் இரண்டையும் அறிந்திருப்பதுதான் ஜப்பானிய ஏற்பாட்டின் பலம் என்பது என் கருத்து. நோயாளி இரண்டு வாசல்களுக்கு நடுவே அலைய வேண்டியதில்லை.

இனி குழந்தைகள்.

1886-ல் டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங், பெர்லினில் கூடிய மருத்துவர்களிடம் இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். இருவருக்கும் பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல். பெருங்குடல் பூதாகரமாக வீங்கி, இருவரும் இறந்துபோயிருந்தார்கள். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. வீங்கிய பகுதியில் குறை இல்லை, அதற்குக் கீழே மெலிந்து தெரியும் பகுதியில்தான் குறை என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. கருவில் வளரும்போது நரம்புச் செல்கள் குடலின் மேலிருந்து கீழாக நகர்ந்து ஆசனவாய்வரை பரவ வேண்டும். சில குழந்தைகளில் அவை பாதியில் நின்றுவிடுகின்றன. செல்கள் எட்டாத பகுதி சுருங்கியபடியே இருக்கும், மலத்தைத் தள்ளாது. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்தக் குறை. 1948-ல் அமெரிக்காவின் ஓர்வார் ஸ்வென்சன், நரம்பற்ற பகுதியை வெட்டி நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவையை வெளியிட்டார். அதுவரை சாவை எதிர்பார்த்துக் கிடந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள்.

ஆனால் அறுவை முடிந்தால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சில குழந்தைகளுக்குப் பிறகும் வயிறு உப்புகிறது. மலம் இறங்குவதில்லை, அல்லது கட்டுப்பாடில்லாமல் உள்ளாடையில் கசிகிறது. பள்ளிக்குப் போகும் வயதில் அது எத்தனை பெரிய அவமானம் என்பது அந்தக் குழந்தைக்கும் தாய்க்கும்தான் தெரியும். ஆசனவாய் இல்லாமல் பிறந்து அறுவையால் வழி அமைத்துக்கொண்ட குழந்தைகளுக்கும் இதே பாடு. நரம்புச் செல்கள் இருந்தும் எண்ணிக்கை குறைந்தோ வேலை செய்யாமலோ போகும் அரிய நோய்கள் வேறு இருக்கின்றன. எனிமா, மலமிளக்கி, குழாய், மறுபடி எனிமா என்று ஆண்டுக்கணக்கில் ஓடும் வாழ்க்கை. வயிற்றறுவைக்குப் பின் குடல் ஒட்டிக்கொண்டு அடைபடும் பெரியவர்களுக்கு டாய்கென்ச்சூத்தோ கொடுத்துப் பழகியிருந்த ஜப்பானிய அறுவை மருத்துவர்கள், அதே பொட்டலத்தை இந்தக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள்.

கியோட்டோவைச் சேர்ந்த குழந்தை அறுவை மருத்துவர்கள் 2007-ல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். கடும் மலச்சிக்கலில் இருந்த குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.3 கிராம் கணக்கில் இதைக் கொடுத்து, மலக்குடலின் அழுத்தத்தையும் அளந்தார்கள். மலம் கழிப்பது சீரடைந்தது, கசிவு குறைந்தது என்று எழுதினார்கள். குழந்தைகளின் தொகை மிகச் சிறிது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம். தீர்ப்பு என்று சொல்லக் கூடாது.

எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்று ஓரளவு தெளிவு உண்டு. சன்ஷோவில் உள்ள சன்ஷூல் என்ற பொருள்தான் நாக்கை மரக்கவைத்துத் துடிக்கவைப்பது. நரம்புச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் சில வாயில்களை அது அடைத்துச் செல்லைக் கிளர்ச்சியுறச் செய்கிறது என்று 2008-ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாக்கில் நடப்பது போன்ற ஒன்று குடலிலும் நடக்கிறது: குடல் நரம்புகள் தூண்டப்பட்டு அசிட்டைல்கோலின் என்ற செய்தி கடத்தும் பொருள் சுரக்கிறது, தசை சுருங்குகிறது. சுக்கின் காரப் பொருள்களும் இதற்குத் துணை நிற்கின்றன. குடலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடுவதை ஹொக்கைடோவின் அசாஹிகாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் விலங்குகளில் ஆராய்ந்தார்கள். குளிர்ந்த வயிற்றைச் சூடாக்கும் மருந்து என்று பழையவர்கள் சொன்னதற்கு இது நெருங்கி வருகிறது.

இதிலிருந்தே மருந்தின் எல்லையும் புலப்படும். நரம்பைத் தூண்டிக் குடலை நகர்த்தும் மருந்துக்குத் தூண்டுவதற்கு நரம்பு வேண்டும். நரம்புச் செல்லே இல்லாத பகுதியை எந்தக் கஷாயமும் நகர்த்திவிடாது. அங்கே கத்திதான் வைத்தியம். அதன் பிறகு எஞ்சியிருக்கும் நல்ல குடலுக்குத் துணையாகவே இந்தப் பொட்டலம் வருகிறது.

பெரியவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளும் அடக்கத்தையே கற்பிக்கின்றன. அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2010-ல் 60 ஆரோக்கியமானவர்களிடம் சோதித்து, பெருங்குடலின் முதற்பகுதி விரைவாகக் காலியாவதைக் கண்டது. ஜப்பானில் போலி மருந்தோடு ஒப்பிட்டு நடந்த சோதனைகளில், கல்லீரல் அறுவைக்குப் பின் முதல் மலம் வர ஆன நேரம் சில மணி குறைந்தது. பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் நடந்த சோதனையிலோ எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. இவ்வளவையும் வெளிப்படையாக அச்சிட்டார்கள். மூலிகை என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கும் ஜப்பான் ஒரு விலை கொடுத்திருக்கிறது. ஷோசைக்கோத்தோ என்ற வேறொரு கம்போ மருந்தை எடுத்துக்கொண்ட 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்து, அவர்களில் 10 பேர் இறந்ததாக 1996-ல் அரசு எச்சரித்தது. டாய்கென்ச்சூத்தோவின் மருந்துக் குறிப்புத் தாளிலும் நுரையீரல், கல்லீரல் பாதிப்பு அரிதாக நேரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதிமதுரம் சேர்ந்த 99-ஆம் எண்ணில் ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என் மதிப்பீடு இது: டாய்கென்ச்சூத்தோ நல்ல துணை மருந்து. குழந்தைகளுக்கு அது எந்த அளவு உதவுகிறது என்பதை உறுதிசெய்யப் பெரிய, ஒப்பீட்டோடு கூடிய சோதனைகள் இன்னும் வேண்டும். அதன் பழமை அதற்குச் சான்றிதழ் ஆகாது.

இதைப் படிக்கும் இளம் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் அந்தக் கருமையான, பிசுபிசுத்த முதல் மலத்தைக் கழிக்காவிட்டால், வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர் என்று எதையும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே குழந்தை அறுவை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.